பிரவுனியில் வெண்ணெய்க்குப் பதில் எந்தப் பழம்?

முதல் தடவை நான் செய்த 'கொழுப்பில்லாத' பிரவுனியைக் கத்தியால் அழுத்தியபோது அது அமுங்கியது. கத்தியை எடுத்ததும் பழைய உருவத்துக்கே எழும்பி வந்தது. வெண்ணெய் மொத்தத்தையும் தள்ளிவிட்டு அதே அளவு ஆப்பிள் கூழைக் கொட்டியிருந்தேன். பார்க்கப் பிரவுனி, வாயில் போட்டால் அழிரப்பர். வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை. இரண்டாவது துண்டை யாரும் எடுக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு வாழைப்பழம், ப்ரூன், பேரீச்சம்பழம், அவகாடோ என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாயிற்று. "வெண்ணெய்க்குப் பதில் பழக்கூழ் போடுங்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள், எந்தப் பழம், எவ்வளவு, அதனால் என்ன போகும் என்பதைச் சொல்வதில்லை. பழத்துக்குப் பழம் விளைவு நிறையவே மாறுகிறது. சுடுவதற்கு முன் எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிப்பவர்களுக்காக இந்த ஒப்பீடு.

வெண்ணெய் பார்க்கும் வேலை

வெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு கொழுப்பு. மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். அந்தக் கொழுப்பு பிரவுனிக்குள் மூன்று வேலை பார்க்கிறது. மைதாவில் உள்ள புரதத்தின் மேல் பூச்சாகப் படிந்து, அது தண்ணீரோடு சேர்ந்து குளூட்டன் வலையாக இறுகாமல் தடுப்பது முதல் வேலை. கோகோவின் மணப்பொருள்களில் பல கொழுப்பில் கரைபவை. அவற்றைப் பிடித்துவைத்து நாக்கில் மெதுவாக விடுவது இரண்டாவது. மூன்றாவது, உடல் சூட்டுக்குக் கொஞ்சம் கீழேயே வெண்ணெய் உருகிவிடும் என்பதால், கடித்த துண்டு வாயில் வழுக்கிக்கொண்டு கரையும்.

பழக்கூழில் இருப்பது தண்ணீர், சர்க்கரை, நார்ச்சத்து, பிறகு கூழை இறுகவைக்கும் பெக்டின். இவை ஈரத்தைக் கொடுக்கும், பிடித்தும் வைக்கும். ஆனால் மேலே சொன்ன மூன்று வேலைகளில் ஒன்றைக்கூட முழுதாகச் செய்யாது. இங்கேதான் பலர் தடுமாறுகிறோம். ஈரம் வேறு, மென்மை வேறு. என் முதல் பிரவுனி ரப்பரானதற்கு ஈரம் குறைந்தது காரணமில்லை. ஈரம் தாராளமாக இருந்தது, அதைக் குடித்து இறுகிய மைதாவைத் தடுக்கத்தான் கொழுப்பு இல்லை.

அதனால் ஒவ்வொரு பழத்தையும் பார்க்கும்போது நான் கேட்பது ஒரே கேள்வி: இந்த மூன்றில் எதை இது ஓரளவாவது ஈடுகட்டும்?

ஒப்பிட ஒரு அடிப்படை வேண்டும். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டு, 115 கிராம் வெண்ணெய், 200 கிராம் சர்க்கரை, 2 முட்டை, 40 கிராம் கோகோ பவுடர், 65 கிராம் மைதா, கொஞ்சம் உப்பு, வெனிலா. இதை 16 துண்டாக வெட்டினால் ஒரு துண்டில் சுமார் 130 கலோரி, 7 கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு, பன்னிரண்டரை கிராம் சர்க்கரை. இனி வரும் கணக்கெல்லாம் இதே தட்டு, இதே 16 துண்டுக்குத்தான். பொருள்களின் வழக்கமான சத்து அளவை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் நீங்கள் வாங்கும் கோகோ, முட்டையின் அளவைப் பொறுத்து கொஞ்சம் முன்பின் இருக்கும்.

பழத்துக்கு முன்னால் சாக்லேட்டைப் பாருங்கள்

உங்கள் செய்முறையில் உருக்கிய சாக்லேட்டும் இருந்தால் முதலில் கைவைக்க வேண்டிய இடம் அதுதான். 70 சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ள கறுப்பு சாக்லேட்டில் 100 கிராமுக்கு 40 கிராமுக்கு மேல் கொழுப்பு உண்டு. 150 கிராம் சாக்லேட்டை உருக்கி ஊற்றிவிட்டு, வெண்ணெய்க்குப் பதில் ஆப்பிள் போட்டேன் என்று திருப்திப்படுவது வாசலை அடைத்துவிட்டுக் கொல்லையைத் திறந்துவைத்த கதை.

கோகோ பவுடர் என்பதே கொழுப்பைப் பிழிந்தெடுத்த சாக்லேட்தான். நெதர்லாந்தின் வான் ஹௌட்டன் குடும்பம் 1828-இல் காப்புரிமை வாங்கிய அழுத்து இயந்திரம் கோகோ கொட்டையிலிருந்து அதன் கொழுப்பான கோகோ வெண்ணெயைப் பிழிந்தது, மிஞ்சிய பிண்ணாக்கு பொடியாயிற்று. இன்று சாதாரணமாகக் கிடைக்கும் கோகோ பவுடரில் கொழுப்பு 10 முதல் 12 சதவீதம்தான். சில உயர்வகைப் பொடிகளில் 20-ஐத் தாண்டும், பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். சாக்லேட்டை விட்டுக் கோகோவுக்கு மாறினாலே பாதி வேலை முடிந்தது. பழம் அதற்குப் பிறகு.

முட்டையின் மஞ்சள் கருவை எடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். இரண்டு கருவிலும் சேர்த்துச் சுமார் 10 கிராம் கொழுப்பு, 16 துண்டுக்குப் பங்கிட்டால் துண்டுக்கு அரை கிராம் சொச்சம். அதற்காக, கலவையைப் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கிற லெசித்தினை இழக்க வேண்டியதில்லை. வெண்ணெயைக் குறைத்த பிரவுனிக்கு மஞ்சள் கரு கூடுதலாகவே தேவைப்படும்.

ஆப்பிள் கூழ்: பேர் பெற்றது, ஆனால் முதலிடம் அதற்கில்லை

எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். காரணம் புரிகிறது. ஆப்பிள் கூழுக்குத் தனி ருசி அதிகமில்லை, கோகோவோடு சண்டை போடாது. 100 கிராமில் ஏறத்தாழ 42 கலோரிதான், கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். வீட்டிலேயே செய்துவிடலாம்: இரண்டு ஆப்பிளைத் தோல் சீவி நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரோடு மூடிவைத்து பத்துப் பதினைந்து நிமிடம் வேகவைத்து மசித்தால் தீர்ந்தது. கடையில் வாங்கினால் சர்க்கரை சேர்க்காததைப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

வெண்ணெய் முழுவதற்கும் பதிலாக 120 கிராம் கூழ் போட்டால் துண்டுக்குக் கொழுப்பு 1 கிராமாக இறங்கிவிடும், கலோரி 80-ஐ ஒட்டி. காகிதத்தில் பார்த்தால் இதை மிஞ்ச ஆளில்லை.

வாயில் கதை வேறு. ஆப்பிள் கூழில் 88 சதவீதம் தண்ணீர். பெக்டின் அதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டாலும் மிச்சம் மைதாவுக்குத்தான் போகிறது. சுட்டெடுத்தால் குழைவாக இருக்காது, கேக் போலப் பஞ்சாக உப்பும். சூடாகச் சாப்பிட்டால் பரவாயில்லை, ஆறினால் இழுக்கும். மேல்பக்கம் மினுமினுப்பாகக் காகிதம்போல் வெடித்து நிற்க வேண்டிய பொருக்கும் சரியாக வராது. கூழின் தண்ணீர் சர்க்கரைப் பாகை நீர்க்கச் செய்துவிடுகிறது.

பாதி வெண்ணெய், பாதி ஆப்பிள் என்று வைத்தால் நிலைமை தேறும். துண்டுக்கு 4 கிராம் கொழுப்பு, 105 கலோரி. பழம் போட்டது தெரியாத பிரவுனி வேண்டுமென்றால், குறிப்பாகப் பழம் என்றாலே முகம் சுளிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு, இது நல்ல வழி. ஒரு வேலை மட்டும் கூடுதலாகச் செய்யுங்கள்: கூழை அடுப்பில் வைத்து, கரண்டியை இழுத்தால் தடம் நிற்கும் அளவுக்குச் சுண்டவையுங்கள். நீர்க்க இருக்கும் கூழை அப்படியே ஊற்றுவதுதான் பாதிப் பேர் செய்யும் தவறு. பேரிக்காய்க்கும் இதே கதைதான், தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

வாழைப்பழம்: பிடித்தால் மட்டும்

வாழைப்பழத்தை வெண்ணெய்க்குப் பதில் என்று சொல்லலாம்தான். ஆனால் அதைப் போட்ட பிறகு நீங்கள் செய்வது சாக்லேட் பிரவுனி அல்ல, சாக்லேட் போட்ட வாழைப்பழப் பிரவுனி. அந்த மணத்தை எந்தக் கோகோவாலும் அமுக்க முடியாது. மறுநாள் இன்னும் தூக்கலாக வீசும்.

அது உங்களுக்குப் பிரச்சினை இல்லையென்றால் வாழைப்பழம் ஆப்பிளைவிட ஒரு படி மேல். தண்ணீர் 75 சதவீதம்தான், கூழும் கெட்டியானது, கலவைக்குக் கொஞ்சம் உடம்பு கொடுக்கும். ஒரு நடுத்தரப் பழத்தை உரித்தால் 115-லிருந்து 120 கிராம் வரும், ஒரு தட்டுக்கு ஒரு பழம் என்று கணக்கு சுலபம். தோலில் கரும்புள்ளி விழுந்து கசங்கத் தொடங்கிய பழம்தான் இதற்கு ஆகும். காயாக இருக்கும்போது வாழையில் ஐந்தில் ஒரு பங்கு வரை மாவுச்சத்து, நன்றாகப் பழுத்தால் அதில் பெரும்பகுதி சர்க்கரையாகிவிடும். பாதிப் பழுத்ததைப் போட்டால் இனிப்பும் இல்லை, குழைவும் இல்லை, நடுவில் மாவுக்கட்டி மாதிரி ஒன்று தங்கும்.

நன்கு பழுத்ததைப் போட்டால் சர்க்கரையை 200-லிருந்து 150 கிராமாகத் தைரியமாகக் குறைக்கலாம். வெண்ணெயே இல்லாமல் செய்யத் துணிபவர்களுக்கு நான் சொல்லும் இரண்டு பழங்களில் இது ஒன்று. நடுப்பகுதி ஈரமாக, கிட்டத்தட்டக் களிபோல் இருக்கும். அதைக் குறை என்றும் சொல்லலாம், அதுதான் வேண்டும் என்றும் சொல்லலாம்.

அவகாடோ: எதிர்பாராத மாணவன்

'கொழுப்புள்ள பழம், கொழுப்பைக் குறைக்க அதை எப்படிப் போடுவது' என்று நான் நெடுநாள் இதைத் தொடவே இல்லை. வெண்ணெய்ப்பழம் என்ற பெயரே பயமுறுத்தியது. ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 கிராம் அவகாடோவில் கொழுப்பு 15 கிராம். 100 கிராம் வெண்ணெயில் 81. அதாவது எடைக்கு எடை போட்டாலும் வெண்ணெயின் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இருப்பதிலும் பெரும்பகுதி ஒலியிக் அமிலம் என்ற நிறைவுறாக் கொழுப்பு. 100 கிராம் வெண்ணெயில் 51 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, அதே அளவு அவகாடோவில் 2 கிராம் சொச்சம்.

115 கிராம் அவகாடோவை முழு வெண்ணெய்க்கும் பதிலாகப் போட்டால் துண்டுக்கு 2 கிராம் கொழுப்பு, சுமார் 90 கலோரி வருகிறது. பாதி வெண்ணெய் போட்ட ஆப்பிள் பிரவுனியைவிடக் குறைவு. அதே சமயம் இருக்கும் அந்தச் சிறு கொழுப்பு மைதாவைப் பூசும் வேலையைக் கொஞ்சம் செய்துவிடுகிறது. அதனால்தான் வெண்ணெயே இல்லாமல் செய்ய நான் சொல்லும் இரண்டாவது பழம் இது. உண்மையில் இரண்டில் முதலாவது.

குறைகள் இல்லாமல் இல்லை. பழம் சரியான பக்குவத்தில் இருக்க வேண்டும். கல்லாக இருந்தால் அரையாது, அதிகம் பழுத்தால் நார் நாராக வரும். மிக்ஸியில் துளிக் கட்டி இல்லாமல் அரைக்காவிட்டால் பிரவுனிக்குள் பச்சைப் புள்ளி தெரியும். கோகோவை 40 கிராமோடு நிறுத்தினால் பின்னால் ஒரு பச்சை வாடை எட்டிப் பார்க்கும், 55 கிராம் வரை போட்டால் அடங்கும். அதிக நேரம் சூட்டில் இருந்தால் கசப்பும் வரும், ஆகவே ஓவனில் இரண்டு நிமிடம் முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். வெண்ணெயின் மணம் கிடைக்காது. அது எதிலும் கிடைக்காது.

ப்ரூன்: என் ஓட்டு இதற்கு

உலர்ந்த பிளம்பழத்தைத்தான் ப்ரூன் என்று விற்கிறார்கள். பார்க்கச் சுருங்கிக் கறுத்துக் கிடக்கும், முதியவர்களின் மலச்சிக்கலுக்குத் தரும் பழம் என்ற பெயரும் அதற்குண்டு. ஒரு பலகாரத்துக்கு இதைவிட மோசமான விளம்பரம் வேண்டாம். ஆனால் கோகோவோடு இந்தப் பழம் சேரும் விதம் வேறு எதற்கும் இல்லை.

காரணம் அதன் உள்ளே இருக்கிறது. 100 கிராம் ப்ரூனில் 7 கிராம் நார்ச்சத்தும், 38 கிராம் சர்க்கரையும், அதற்கு மேல் 15 கிராமுக்கு ஒட்டி சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும் உண்டு. சார்பிட்டால் தண்ணீரைத் தன்னோடு கட்டிவைத்துக்கொள்ளும். ஆப்பிள் கூழ் தண்ணீரைச் சுமந்து வந்து மைதாவிடம் கொடுத்துவிடுகிறது. ப்ரூன் கூழ் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் இறுகுவதும் குறைவு, இரண்டாம் நாள் காய்வதும் குறைவு. பழத்தின் கருநிறம் கோகோவில் மறைந்துவிடும். அதன் லேசான புளிப்பு சாக்லேட்டின் கசப்பைத் தூக்கிக் காட்டும். என்ன போட்டீர்கள் என்று இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. "சாக்லேட் தூக்கலாகப் போட்டாயா?" என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

வயிற்றைப் பற்றிப் பயப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு தட்டுக்கு நான் போடுவது 75 கிராம், எட்டு ஒன்பது பழம். ஒரு துண்டுக்கு 5 கிராமுக்கும் குறைவு, அரைப் பழம். அதில் உள்ள சார்பிட்டால் ஒரு கிராம்கூட இல்லை. தட்டு முழுவதையும் ஒருவரே காலி செய்தால் தவிர ஒன்றும் ஆகாது. அப்படிக் காலி செய்பவருக்கு அது மட்டுமே பிரச்சினையாக இருக்கப்போவதில்லை.

குறை என்றால் கலோரி. உலர்பழம் ஆனதால் 100 கிராமில் 240. ஆப்பிளைப்போல எண்ணிக்கையை வீழ்த்திக் காட்டாது. ஆனால் இனிப்பை அதுவே கொண்டுவருவதால் சர்க்கரையை 130 கிராமுக்கு இறக்கிவிட முடிகிறது. அதை ஆப்பிளில் செய்தால் சப்பென்று இருக்கும்.

பேரீச்சம்பழம்: இது வேறு கேள்விக்கான விடை

பேரீச்சம்பழ பிரவுனி 'ஆரோக்கியம்' என்ற பெயரில் அதிகம் சுற்றி வருவதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மெஜூல் வகையில் 100 கிராமுக்கு 66 கிராம் சர்க்கரை. அது வெண்ணெய்க்கு மாற்று இல்லை, சர்க்கரைக்கு மாற்று. வெண்ணெயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பேரீச்சையும் போட்டு, 200 கிராம் சர்க்கரையையும் விட்டுவைத்தால் கிடைப்பது கொழுப்பு குறைந்த மிட்டாய்.

சரியாகச் செய்வதென்றால் சர்க்கரை முழுவதையும் நிறுத்திவிட்டு, கொட்டை நீக்கிய 200 கிராம் பழத்தை அரை கப் கொதிநீரில் ஊறவைத்து அரைத்துப் போட வேண்டும். அப்போது துண்டுக்குச் சர்க்கரை பன்னிரண்டரையிலிருந்து 8 கிராமாகக் குறையும், 13 கிராம் நார்ச்சத்தும் தட்டுக்குள் வந்து சேரும். வெண்ணெயில் பாதியை வைத்துக்கொண்டால் துண்டுக்கு 90 கலோரி. கெட்டியாக, ஒட்டும் பதத்தில் நல்ல பிரவுனிதான். மேல்பொருக்கு மட்டும் வரவே வராது. அந்தப் பொருக்கு, கரைந்த சர்க்கரையும் முட்டை வெள்ளையும் சேர்ந்து மேலே படலமாகக் காய்வதால் உண்டாவது. சர்க்கரையே இல்லாதபோது எதைப் போய்த் தேடுவது. பேரீச்சையின் சர்க்கரையில் பெரும்பகுதி குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் என்பதால் ஓரங்கள் சீக்கிரம் கருகும். ஓவனைப் பத்து டிகிரி குறைத்து வைப்பது நல்லது.

இன்னொன்று. 'சர்க்கரையே சேர்க்கவில்லை' என்று சொல்லிக்கொள்ளும்போது கொஞ்சம் அடக்கம் தேவை. சேர்க்கும் சர்க்கரையும் தேன், பழச்சாறு போன்றவற்றின் சர்க்கரையும் சேர்ந்து நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வழிகாட்டியது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம். பழத்தை முழுதாகக் கடித்துச் சாப்பிட்டால் அதன் சர்க்கரை இந்தக் கணக்கில் வராது. ஆனால் பிரிட்டனில் பின்பற்றும் வரையறை ஒரு படி மேலே போய், கூழாக அரைத்த பழத்தின் சர்க்கரையையும் இதில் சேர்க்கிறது. அரைக்கும்போது பழத்தின் செல்சுவர் உடைந்து சர்க்கரை வெளியே வந்துவிடுகிறது என்பதுதான் நியாயம். மிக்ஸிக்குள் போன பேரீச்சையை முழுப் பேரீச்சையாக நினைத்துக் கணக்குப் போடக் கூடாது.

பெர்ரிப் பழங்களை இந்த வரிசையில் நான் சேர்க்கவில்லை. அவற்றைக் கூழாக்கி வெண்ணெய்க்குப் பதில் போடுவது வீண். ஒரு கைப்பிடி ராஸ்பெர்ரியையோ உலர் செர்ரியையோ மேலே தூவிச் சுட்டால் அழகு, புளிப்பு இரண்டும் வரும். உறைந்த பழமானால் கரையவிடாமல் அப்படியே போடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு சேற்றுக்குழி உண்டாகும்.

அப்படியானால் எதை எடுப்பது

எல்லாவற்றையும் மாற்றாமல் பாதியை மாற்றுவதுதான் நான் பரிந்துரைப்பது. வெண்ணெயில் கடைசி 55 கிராம் செய்யும் வேலை முதல் 60 கிராம் செய்வதைவிடப் பெரியது. பாதியை எடுத்தால் இழப்பு கொஞ்சம்தான் தெரியும். மீதிப் பாதியையும் எடுத்தால் எல்லாமே போய்விடும். பாதி வைத்துக்கொள்பவர்களுக்கு ப்ரூன். பழ வாசமே கூடாது, வீட்டில் ப்ரூனும் இல்லை என்றால் சுண்டவைத்த ஆப்பிள். மருத்துவர் சொன்னதாலோ வேறு காரணத்தாலோ வெண்ணெயே கூடாது என்றால் அவகாடோ, அது கிடைக்காவிட்டால் வாழைப்பழம். சர்க்கரைதான் உங்கள் கவலை என்றால் பேரீச்சை. ஆனால் நீரிழிவு உள்ளவர்கள் அதையும் அளந்துதான் சாப்பிட வேண்டும்.

இதற்கெல்லாம் வெளியே ஒரு விஷயம், யாருக்கும் பிடிக்காதது: கத்தி. முழு வெண்ணெய் பிரவுனியை 16 துண்டாக வெட்டினால் துண்டுக்கு 130 கலோரி. பாதி ஆப்பிள் பிரவுனியை, 'குறைந்த கொழுப்புதானே' என்று 9 துண்டாக வெட்டினால் துண்டுக்கு 185. பழம் சேர்த்த பிரவுனியை மக்கள் பெரிதாக வெட்டுகிறார்கள். நானும் வெட்டியிருக்கிறேன்.

நான் செய்யும் முறை

கொட்டையில்லாத 75 கிராம் ப்ரூனை 45 மில்லி கொதிநீரில் கால் மணி நேரம் ஊறப்போட்டு, நீரோடு சேர்த்து வழுவழுப்பாக அரைத்துக்கொள்ளுங்கள். 55 கிராம் வெண்ணெயை உருக்கி, சூடு ஆறும் முன் அதில் 50 கிராம் கோகோ பவுடரைக் கொட்டிக் கலக்குங்கள். சூடான கொழுப்பில் விழும்போதுதான் கோகோ மணம் விடும். வெண்ணெய் குறைவு என்பதால் கலவை பசைபோல் இறுகி நிற்கும், பயப்பட வேண்டாம். ப்ரூன் கூழையும் அதில் சேர்த்துவிடுங்கள். கால் தேக்கரண்டி உப்பும், விருப்பமிருந்தால் அரைத் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் காபித் தூளும் போடலாம். காபி தனியாகத் தெரியாது, சாக்லேட்டைத்தான் தூக்கும்.

இன்னொரு பாத்திரத்தில் இரண்டு முட்டையையும் 130 கிராம் சர்க்கரையையும் இரண்டு மூன்று நிமிடம், வெளிறி நுரைத்துச் சர்க்கரை பெரும்பாலும் கரையும் வரை அடியுங்கள். வெண்ணெய் குறைந்த பிரவுனிக்குப் பொருக்கு வேண்டுமானால் இந்த இடத்தில் சோம்பல் கூடாது. வெனிலாவோடு இதைக் கோகோ கலவையில் சேர்த்து, கடைசியாக 65 கிராம் மைதாவைச் சலித்துப் போடுங்கள். அதில் 15 கிராமைச் சோளமாவாக (கார்ன்ஃப்ளார்) மாற்றினால் குளூட்டன் இன்னும் குறையும், குழைவு கூடும். இனிக் கரண்டியால் மடித்துக் கலப்பதோடு சரி. வெள்ளைக் கோடு மறைந்த நொடியில் நிறுத்துங்கள். முழு வெண்ணெய் கலவை அதிகம் கலக்கினால் பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது.

பேக்கிங் பவுடர் போட வேண்டியதில்லை. போட்டால் உப்பிக் கேக்காகிவிடும்.

தட்டில் காகிதம் விரித்து ஊற்றி, 175 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிய ஓவனில் 18-ஆவது நிமிடத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். பல்குச்சியைக் குத்தினால் ஈரத் துணுக்குகள் ஒட்டி வர வேண்டும். சுத்தமாக வந்தால் பிந்திவிட்டீர்கள். கொழுப்பு குறைந்த பிரவுனிக்கு ஈரத்துக்கும் வறட்சிக்கும் இடையில் இரண்டு மூன்று நிமிட அவகாசம்தான். பெரும்பாலும் 20 நிமிடத்தில் எடுத்துவிடுவேன். கணக்குப்படி ஒரு துண்டில் 4 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகக் கொழுப்பு, 10 கிராம் சர்க்கரை, 98 கலோரி.

சூட்டோடு வெட்டாதீர்கள். பெக்டினும் மாவுச்சத்தும் இறுகி நிற்க இரண்டு மணி நேரமாவது வேண்டும், இரவு முழுவதும் விட்டால் இன்னும் நல்லது. பழம் சேர்த்ததில் தண்ணீர் அதிகம் என்பதால் வெளியே ஒரு நாளுக்கு மேல் வைக்காமல் குளிர்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள், நான்கு நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் துண்டு துண்டாகச் சுற்றி உறைபெட்டியில் வைக்கலாம். சாப்பிட அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் போதும். குளிரில் விறைத்த வெண்ணெய் இளகிய பிறகுதான் அந்த 55 கிராமின் அருமை தெரியும்.